வெள்ளை வளையம்

நான் படம் எடுத்துப் பிழைக்கிறவன். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ஸ்டூடியோவில் இருபத்தைந்து வருஷமாக வேலை. ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்குப் படம், கல்யாணப் படம், இறந்துபோனவர் படத்தை மாலை போடத் தோதாகப் பெரிதாக்குவது, எல்லாம் என் கையில்தான். படத்தை எடுத்துவிட்டு, அதைக் காட்டாமல் ஆளை வீட்டுக்குப் போகச் சொன்னால் எங்கள் கடையில் நாற்காலி பறக்கும். ஆனால் போன வருஷம் கோலாலம்பூரில் என் மண்டைக்குள் படம் எடுத்தார்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள், அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். என்னை மாதிரி இன்னொருவன் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. பீடோரிலிருந்து ஒரு பெரிய குடும்பம் கல்யாணப் படம் எடுக்க வந்திருந்தது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, விளக்கைச் சரிபண்ணி, பிலிம் பெட்டியைக் கையில் எடுத்தேன். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது மாப்பிள்ளைப் பையன் வரிசையை விட்டு வெளியே வந்தான்.

“அண்ணே, ஒங்க வாய் ஒரு பக்கமா போவுதுண்ணே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. “நீ போயி ஒன் எடத்துல நில்லு” என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது எனக்கே விளங்கவில்லை. இடது நெற்றிக்குள் வலி பிளந்துகொண்டிருந்தது. வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது.

டாரா திங்கி, அதாவது ரத்தக் கொதிப்பு, எனக்கு ஐந்து வருஷமாக இருந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைத் தலை வலித்தால் மட்டும் போட்டுக்கொள்வேன். இதை மறைத்துப் பிரயோசனமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில், மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டபோது என் மனைவி சரோஜா என்னையே பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

முதலில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரேயைத் தலையைச் சுற்றிச் சுற்றி அடித்து, மூளையை வட்டம் வட்டமாக நறுக்கின மாதிரி காட்டும் படம் அது. இடது மூளையின் ஆழத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் வெடித்து, கோலிக்குண்டு அளவுக்கு ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். இடது மூளைதான் வலது கையை ஆட்டி வைக்கிறதாம். ஆபரேஷன் தேவையில்லை, கொதிப்பை இறக்கினால் போதும், ரத்தம் தானாகக் கரையும் என்றார்கள். கை வருமா என்று கேட்டேன். “பார்ப்போம்” என்றார்கள். அந்த வார்த்தையை அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் என்று கணக்கில்லை.

மூன்றாம் நாள் வார்டு டாக்டர் வந்து, கோலாலம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைப் போன்ற நோயாளிகளைத் தேடுகிறார்கள் என்றார். அங்கே புது மெஷின் வந்திருக்கிறது, எம்ஆர்ஐ என்று பெயர், நாட்டுக்கே புதுசு, ஆராய்ச்சி என்பதால் இலவசம். மறுநாள் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். சரோஜா என் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள்.

அங்கே டாக்டர் விமலாவைப் பார்த்தோம். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தமிழ் பேசுவார், ஆனால் நடுநடுவே நின்று வார்த்தையைத் தேடுவார். எனக்கும் அப்போது அதே நிலைமை. நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் சரோஜாவுக்குத் தூக்கம் வந்துவிடும்.

“இது மருந்தா டாக்டர்?” என்று சரோஜா கேட்டாள்.

“மருந்து இல்லக்கா. படம் மட்டும்தான். ரத்தம் கட்டின எடம் போச்சு, அது எங்களுக்குத் தெரியும். அதச் சுத்தி ஒரு வளையம் மாதிரி மூளைச் சதை இருக்கு. அது என்ன ஆவுதுன்னுதான் சரியா தெரியல. செத்துப் போவுதா, இல்ல கொஞ்ச நாள் கஷ்டப்பட்டுட்டுத் திரும்பி வருதா? சிடியில அது நல்லா விழாது. இந்த மெஷின்ல விழும். இப்ப ஒண்ணு, ஒரு வாரம் கழிச்சி ஒண்ணு, மூணு மாசத்துல ஒண்ணு எடுப்போம்.”

“அவரு கை எதுல இருக்கு டாக்டர்? போன எடத்துலயா, சுத்தி இருக்கிற எடத்துலயா?”

“பெரும்பாலும் அந்த வளையத்துலதான்னு நெனைக்கிறேன்க்கா. பார்ப்போம்.”

ஆக என் கை அந்த வளையத்தில் இருந்தது. செத்ததா, உயிரோடு இருக்கிறதா? அன்று முதல் எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். ஸ்டூடியோவில் நெகட்டிவில் பென்சில் போட்டு முகத்துத் தழும்பை எடுப்பதும், பிரிண்டில் மயிரளவு தூரிகையால் புள்ளி அடைப்பதும் என் வலது கை. அது இல்லையென்றால் தவுக்கேயின் கடையில் நான் கூட்டிப் பெருக்கத்தான் லாயக்கு.

சம்மதப் பாரத்தில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வலது கையில் பேனா நிற்கவில்லை. நர்ஸ் மைப்பெட்டியைக் கொண்டுவந்து என் இடது பெருவிரலைப் பிடித்து உருட்டினாள். கோப்பெங் பக்கம் தோட்டத்தில் பால்வெட்டுக்காரராக இருந்த என் அப்பா, சம்பள நாளில் கணக்கெழுதும் கிராணி முன்னால் இப்படித்தான் விரலை நீட்டுவார். நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவிடம், நான் ஒருநாளும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருக்கிறேன். சரோஜா தன் முந்தானையால் என் விரல் மையைத் துடைத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மெஷின் அறைக்கு வெளியே காலை எட்டு மணிக்குப் படுக்க வைத்தார்கள். கூப்பிட்டது மாலை நாலு மணிக்கு. நடுவில் மூன்று பேர் வந்து, உடம்பில் இரும்பு இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அது ராட்சசக் காந்தமாம், உலோகம் ஆகாதாம். கடைசியில் என் அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கத்தரிக்கோலோடு வந்தார். கயிறு மாறினாலும் பிறந்ததிலிருந்து அந்தத் தாயத்து என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. நறுக்கென்று வெட்டி சரோஜா கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

குழாய்க்குள் தள்ளினார்கள். எக்ஸ்ரே எதுவும் இதில் இல்லை. உடம்பில் இருக்கும் தண்ணீரைக் காந்தம் தட்டி எழுப்பி, அது கொடுக்கும் சத்தத்தை வைத்துப் படம் வரைகிறதாம். தண்ணீர் சத்தம் கொடுத்ததோ இல்லையோ, மெஷின் கொடுத்தது. தகரக் கூரையில் ஆள் ஏறி நின்று சுத்தியலால் அடிப்பது போல முக்கால் மணி நேரம். ஆடாதே என்றார்கள். படம் எடுப்பவன் ஆடாதே என்று சொல்வதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அசையாமல் கிடந்தேன். வெளியே வந்ததும் மெஷின் ஓட்டியவரிடம் கேட்டேன்.

“எப்படி விழுந்திருக்கு?”

“டாக்டர் சொல்லுவாங்க அங்கிள்.”

டாக்டரிடம் கேட்டேன். “ரெண்டாவது படத்தோட வச்சிப் பாக்கணும்ணே.” இரண்டாவது எடுத்த பிறகு கேட்டேன். “மூணாவதும் வரட்டும்ணே. இது ஆராய்ச்சி. சும்மா ஒண்ணு சொல்லிட முடியாது.” அவர் குரல் மெதுவாகத்தான் இருந்தது. எனக்கு அந்த மெதுவே பிடிக்கவில்லை. கெட்ட செய்தியை வைத்துக்கொண்டு மழுப்புகிறார் என்று முடிவுகட்டினேன்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சரோஜாவின் தம்பி ஆறுமுகம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் டாக்சி ஓட்டுகிறவன். நான் காலை நீட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அன்று வேறு ஆள் ஏற்றாமல் வந்தான். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம்: படத்தைத் தபாலில் அனுப்ப மாட்டார்கள், பெரிய பழுப்பு உறையில் ஒட்டி நம் கையிலேயே கொடுப்பார்கள். ஊர் டாக்டரிடம் நாம் சேர்க்க வேண்டும். உறை மேல் டாக்டருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. என் மண்டைப் படத்தை என் மடியிலேயே வைத்துவிட்டு, பார்க்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாப்பா வரை பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, பல்லால் கிழித்தேன்.

“மச்சான், அது டாக்டருக்குலா” என்றான் ஆறுமுகம்.

“நான் இருவத்தஞ்சு வருஷமா பிலிம் பாக்கறேன். எனக்கு அவங்க சொல்லித் தரணுமா?”

பிலிமை டாக்சிக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரே தாளில் வரிசை வரிசையாக என் மூளை. இடது பக்கம் என்று எழுத்துப் போட்டிருந்த பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டி. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். இரண்டாம் பிலிமில் அந்த வளையம் இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இருட்டறை வேலை தெரியாது என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு பிலிம் என்றால் நெகட்டிவ். அதில் வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாக இருக்கும். ஒன்றுமே விழாத இடம் வெள்ளையாக, வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளை என்றால் காலி. அது என் கண்ணில் ஊறிப்போன பாடம்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், சாவி என்னிடம் இருந்தது. சரோஜாவிடம் தவுக்கேயைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். சிவப்பு விளக்கைப் போட்டு, இரண்டு பிலிமிலும் அந்த வளையம் தெரியும் இடத்தைக் காகிதத்தின் மேல் வைத்து, கண்ணாடியை அமுக்கி, இடது கையால் பிரிண்ட் போட்டேன். நிஜப் படத்தை நானே பார்த்துவிடுவேன் என்ற எண்ணம். மருந்துத் தட்டில் காகிதத்தை ஆட்டினேன். மெல்ல மெல்லக் கறுத்தது. வெள்ளை வளையம் இருந்த இடமெல்லாம் கரி. முதல் படத்தில் மெல்லிய கரி, இரண்டாவதில் பரந்த கரி. என் கை எரிந்து அகலமாகிக்கொண்டிருந்தது. இதைத்தான் அந்த டாக்டர் பொண்ணு சொல்லாமல் விட்டாள் என்று நினைத்தேன். தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு பிரிண்டைக் காயவைத்து, காலிக் காகிதப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன்.

உறையை ஒட்டி ஈப்போ டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பிலிமைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். “மூணாவதுக்கு அவங்களே கூப்பிடுவாங்க. பிசியோவுக்குத் தவறாம போங்க” என்றார்.

பிசியோ என்பது செயலிழந்த உறுப்பைப் பழக்கி எடுக்கும் பயிற்சி. அங்கே கக் சித்தி என்ற மலாய்க்காரப் பெண். கக் என்றால் மலாயில் அக்கா, சித்தி அவர் பெயர். டென்னிஸ் பந்தை என் உள்ளங்கையில் வைத்து, “கெங்காம், லெப்பாஸ்” என்பார், பிடி, விடு என்று. பிரிண்ட் போடுவதற்கு முன்னால் நான் இரண்டு தடவை போயிருந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. எரிந்துபோன இடத்துக்கு எதற்குப் பந்து?

சரோஜாவிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் அழுவாள், எதற்கு? அவள் என்னைச் சோம்பேறி என்று நினைத்தாள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அவள் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து, இடது கையால் எடுக்க வசதியாகத் தட்டில் அடுக்கி வைப்பாள். யாராவது வீட்டுக்கு வந்திருந்தால், எனக்காக மட்டும் பிடித்தது என்று தெரியாதபடி ஒரு உருண்டையைத் தானும் எடுத்துக்கொள்வாள். குளித்து வந்ததும் எண்ணெய் தடவ என் வலது கையைப் பிடிப்பாள். நான் இழுத்துக்கொள்வேன்.

“பந்தையாவது புடிங்களேன். சும்மாதான உக்காந்திருக்கீங்க.”

“புடிச்சி?”

“புடிச்சா வரும்னு அந்த மலாய்க்காரம்மா சொன்னாங்கல்ல.”

“அவங்க படத்த பாத்தாங்களா? பேசாம போ.”

பத்து வாரம் இப்படிப் போனது. விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. தோளைத் தூக்கினால் வலித்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. செத்த கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. போக மாட்டேன் என்றேன். குறித்த நாளில் ஆறுமுகம் டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

“நாலு பேசஞ்சர விட்டுட்டு வந்திருக்கேன் மச்சான். ஏறுங்கலா. அக்கா மூஞ்சிய பாத்தீங்களா?”

பார்த்தேன். கடைக்கு விடச் சொல்லி, பெட்டியிலிருந்து பிரிண்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அதை அந்த டாக்டர் மேசையில் வீசிவிட்டு வரவேண்டும் என்பதற்காகத்தான் ஏறினேன்.

ஸ்கேன் முடிந்து சரோஜாவோடு டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டர் விமலா என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் பிரிண்டை மேசையில் போட்டேன்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நான் படம் போடறவன்.”

அவர் அதை எடுத்தார். திருப்பினார். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நீங்க போட்டதாண்ணே?”

“என் மண்டைய நான் போட்டேன். கறுப்பு எவ்ளோ அகலமா ஆயிருக்கு பாருங்க. செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒங்களுக்கு என்ன?”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். விளக்குப் பெட்டியில் மூன்று பிலிமையும் மாட்டினார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, இது நெகட்டிவ் இல்ல. இந்த பிலிம்தான் படமே. இதுல வெள்ளைன்னா தண்ணி. அடிபட்ட சதை தண்ணி வச்சி வீங்கும். கால் சுளுக்கினா வீங்குதுல்ல, அது மாதிரி. ரெண்டாவது வாரத்துல வீக்கம் அதிகமாவும். வெள்ளையா இருந்தா காலியாச்சுன்னு அர்த்தம் இல்ல. அங்க சதை இருக்கு, வீங்கி இருக்கு, அவ்ளோதான்.”

“மூணாவதுல?”

அவர் மூன்றாம் பிலிமில் விரலை வைத்துக் காட்டினார். வளையம் இல்லை. கட்டி இருந்த இடத்தில் நகக்கீறல் போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் கறுப்பு. பழைய ரத்தத்தின் இரும்பு, துருக் கறை மாதிரி அங்கேயே தங்கிவிடும் என்றார். அதைச் சுற்றி இருந்த சதை மறுபக்கத்து மூளையைப் போலவே சாம்பல் நிறத்தில் இருந்தது. என் கண்ணுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை.

“வளையம் திரும்பி வந்திருச்சுண்ணே” என்றார். “கை எப்படி இருக்கு? காட்டுங்க.”

நான் கையை மேசைமேல் எடுத்து வைத்தேன். அவர் விரலை நிமிர்த்தப் பார்த்தார். வரவில்லை. எனக்கு வலித்தது. அவர் முகத்திலிருந்த சந்தோஷம் போய்விட்டது.

“பயிற்சி செய்யலையா?”

சரோஜாதான் சொன்னாள். “பத்து வாரமா பந்தத் தொடல டாக்டர்.” பிறகு மேசைமேல் இருந்த பிரிண்டைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் மடங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தப்பா நம்பிக்கை குடுத்துடக் கூடாதுன்னுதான் நான் ஒண்ணும் சொல்லல” என்றார் டாக்டர். “எனக்கே தெரியாதுண்ணே. தெரிஞ்சிக்கத்தான் படம் எடுத்தேன். படத்தப் பாத்தும் தெரியலன்னாவது சொல்லியிருக்கணும்.”

ஆமாம், சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வெள்ளை என்றால் தண்ணீர் என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என் மேல்தான். அந்தச் சதை வீக்கம் வடிந்து, ஒன்றொன்றாகச் சரியாகி, வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே பத்து வாரம் நான் நாற்காலியில் உட்கார்ந்து அதற்குக் கருமாதி செய்துகொண்டிருந்தேன். மூளை பிழைத்துக்கொண்டது. மூட்டு இறுகிப்போனது.

போகுமுன் படங்களை மற்ற டாக்டர்களுக்குக் காட்டச் சம்மதம் வேண்டும் என்று இன்னொரு பாரம் நீட்டினார். என் பிரிண்டையும் கேட்டார். இனிமேல் எந்த நோயாளியிடமும் பிலிமை விளக்காமல் கொடுக்கப் போவதில்லை, இதை மேசையிலேயே வைத்திருப்பேன் என்றார். கொடுத்தேன். பேனாவை வலது கையில் வைக்கப் பார்த்தேன். சரோஜா விரலைப் பிரித்துச் செருகினாள், அது நழுவியது. மறுபடியும் மைப்பெட்டி வந்தது.

மறுநாளே கக் சித்தியிடம் போனேன். அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டுப் பந்தை எடுத்து வைத்தார். சீக்கிரம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரே ஒரு தரம் மலாயில் சொன்னார். ஒரு வருஷமாகப் போகிறேன். தோள் வலி இறங்கிவிட்டது. கதவைத் திறப்பேன், குவளையைப் பிடிப்பேன். தூரிகை இன்னும் நிற்கவில்லை. தவுக்கே என்னைக் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார். எடுத்த படத்தை வாங்க வருகிறவர்கள் உறையைத் திறக்காமல் போனால், திறந்து பாருங்கள், விளங்கவில்லை என்றால் கேளுங்கள் என்று நானே சொல்கிறேன். ஆறுமுகம் இதைக் கேட்டால் சிரிப்பான்.

இதையெல்லாம் இடது கையால்தான் எழுதினேன். கடைசியில் இருக்கும் பெயரை மட்டும் வலது கையால் எழுதினேன். சரோஜா தாளைப் பிடித்துக்கொண்டாள், அரை மணி நேரம் ஆனது. அச்சில் அது தெரியாது.

தனபாலன்